ஹாலுக்கு என்ன நிறம்

வண்ண அட்டையை வீட்டுக்கார அம்மா அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்.

புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். காலையில் வீட்டுக்கார அம்மாவின் போன் வந்ததிலிருந்து ஒரே பயம். பெயிண்ட் அடிக்க வேண்டும், வந்து பார்க்கிறேன் என்று ஓனர் சொன்னால், பாதி வீடுகளில் அதற்குக் காலி பண்ணு என்றுதான் அர்த்தம்.

மகள் பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சை நெருங்குகிறது. எத்தனை பேர், கறி மீன் சமைப்பீர்களா என்று கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு தெருத்தெருவாக வீடு தேட இப்போது தெம்பில்லை.

ஆனால், காலி பண்ணச் சொல்ல வந்தவர் நிறம் கேட்பாரா?

கேட்க மாட்டார்.

மாட்டார்தானே?

ஆணி அடித்த இடத்தை முதுகால் மறைத்துக்கொண்டு அட்டையைப் பார்த்தாள். கட்டம் கட்டமாக எத்தனையோ நிறங்கள். ஆசைப்பட்டு ஒன்றைக் காட்டினால் வாடகையை ஏற்றிவிடுவார். எதுவானாலும் சரி என்றால் அக்கறையில்லாதவள் என்று நினைப்பார். செலவு வைக்காத நிறத்தைச் சொல்வதே குடித்தனக்காரிக்கு அழகு.

"வெள்ளையே போதும்மா. பளிச்சுன்னு இருக்கும்."

வீட்டுக்கார அம்மா சிரித்தார். கெட்ட மனுஷி என்று சொல்லிவிட முடியாது. தண்ணீர் வராத நாட்களில் தன் வீட்டுக் குழாயைத் திறந்துவிட்டவர்தான்.

"வெள்ளையெல்லாம் வாடகைக்கு விடுற வீட்டுக்கு அடிக்கறது. எம் மருமக வந்து இருக்கப்போற வீடு இது. எந்த ரூம்ல வெளிச்சம் எப்படின்னு உனக்குத்தானே தெரியும்? நல்லதா சொல்லு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எப்போது காலி பண்ண வேண்டும் என்று அவள் கேட்கவில்லை.

பயம் போய்விட்டிருந்தது. அது இருந்த இடத்தில் இப்போது வெறும் துக்கம்.

அட்டையை முழுதாகப் பிரித்தாள்.

ஹாலுக்கு இளமஞ்சள் என்றாள். மழைக்காலத்தில் அங்கே பகலிலேயே இருட்டிவிடும். சமையலறையில் அடுப்புக்கு மேலே கொஞ்சம் அடர்ந்த நிறம், பிசுக்கு தெரியாது. சின்ன அறைக்கு இளம்பச்சை. சாயங்கால வெயில் அந்தச் சுவரில்தான் விழும், படிக்கிற பிள்ளைக்குக் கண் கூசாது.

"எல்லாத்தையும் யோசிச்சே வச்சிருக்கியே!" வீட்டுக்கார அம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

அவள் அட்டையை மடித்து நீட்டினாள்.

மனதுக்குள் அவள் இந்த வீட்டுக்கு எப்போதோ பெயிண்ட் அடித்து முடித்திருந்தாள்.