கயிற்றின் மறுமுனை

பத்துமலைப் பக்கம், வழிதவறிய பிள்ளைகளுக்கான பாறையேற்ற முகாமில் லோகேஸ்வரிக்கு அன்று முதல் நாள். பாதி உயரத்திலேயே பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

“என்னால முடியாது! இறக்கி விடு!”

கீழே கயிற்றைப் பிடித்திருந்த கவிஷாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“இன்னும் கொஞ்சம்தான் லா! வலது கால மேல வைங்க. நழுவினாலும் கயிறு என் கையிலதான் இருக்கு.”

“விட்டுட மாட்டியே?”

“சத்தியமா விட மாட்டேன்!”

லோகேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் தூக்கி வைத்தாள். எம்பினாள். உச்சி கைக்கு எட்டிவிட்டது!

“ஏறிட்டேன்! நான் ஏறிட்டேன்!”

முகாம் பிள்ளைகள் எல்லோரும் விசிலடித்தார்கள். கவிஷா கயிற்றை விடாமலே துள்ளினாள்.

“போன வருஷம் மோட்டார் சைக்கிள் திருடின என்னைத் துரத்திப் பிடிச்சீங்களே, அன்னைக்குக்கூட இவ்வளவு சத்தம் போடலையே, இன்ஸ்பெக்டர்!”