சனிக்கிழமை ரிப்பேர்

"நெவில், கம்ப்யூட்டர் மறுபடியும் ஆமை மாதிரி ஊருது. வந்து என்னன்னு பாருங்களேன்!" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கிளெனிஸ் கூப்பிட்டார்.

அடுத்த வீட்டில் தனியாக இருக்கும் நெவில், தலையைப் படிய வாரிக்கொண்டு கிளம்பினார். ஆஸ்திரேலியாவின் பல்லாரட் ஊர்க் குளிரிலும் மூன்று மாதமாகச் சனிக்கிழமைதோறும் இதே வேலைதான். முடிந்ததும் தேநீரும் லாமிங்டன் கேக்கும் உண்டு.

"இந்தப் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கச் சொல்றா என் பொண்ணு."

நெவிலுக்குப் பகீரென்றது. "ஐயோ, வேண்டாங்க! உங்க தையல் டிசைன் புரோகிராம் இந்தப் பழசுலதான் ஓடும்."

"நானும் அதையேதான் அவகிட்ட சொன்னேன்" என்றபடி கேக் எடுக்க உள்ளே போனார் கிளெனிஸ்.

கம்ப்யூட்டரை ஆன் செய்ததுமே பின்னணியில் தானாக ஓடி அதன் வேகத்தைக் குறைக்கும் புரோகிராம்களின் பட்டியலை நெவில் திறந்தார். போன வாரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அடுத்த சனிக்கிழமைக்காக ஒன்றை மட்டும் கமுக்கமாக அவரே ஓட விட்டிருந்தார்.

இப்போது ஏழு ஓடிக்கொண்டிருந்தன.

அந்த வீட்டில் அவற்றை ஓட விட கிளெனிஸைத் தவிர வேறு ஆள் கிடையாது.

"என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சீங்களா?" சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"கண்டுபிடிச்சிட்டேன்" என்ற நெவில், ஒன்றையும் நிறுத்தாமல் பட்டியலை மூடினார்.