பிரிக்காத களிமண்

கோபம் வந்தால் அவளுக்குக் கண்மண் தெரியாது. அன்று கூடம் முழுக்கப் பசையும் சாயமுமாகக் கிடந்ததைப் பார்த்ததும் மகளை இழுத்து நிறுத்திக் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். மர ஸ்கேலால் முதுகில் ஒன்று வைத்தாள். மகள் அழவே இல்லை. கன்னம் சிவக்கக்கூட இல்லை.

அவளை உள்ளே விரட்டிவிட்டு, கிரேயான்களையும் பிரஷ்களையும் தனித்தனி டப்பாக்களில் அடுக்கினாள். கடைசியாக மூன்று பெரிய களிமண் பாக்கெட்டுகள் மிஞ்சின. முந்தின நாள்தான் வாங்கியவை, ஒன்றையும் இன்னும் பிரிக்கவில்லை. ஆனால் கண்ணாடி உறைக்குள் இருந்த மஞ்சள் கட்டியில் ஐந்து விரல்கள் பதிந்திருந்தன. உறையைக் கிழித்துத் தன் கையை வைத்துப் பார்த்தாள். மோதிரத் தடம் உட்பட அச்சாகப் பொருந்தியது. நீலக் கட்டியின் குறுக்கே ஸ்கேலின் விளிம்பு ஆழமாக இறங்கியிருந்தது.

சிவப்புக் கட்டி நடுவில் நெரிந்து மெலிந்திருந்தது. முன்பக்கம் இரண்டு கட்டைவிரல்கள், பின்பக்கம் எட்டு விரல்கள். அப்படி ஒன்றை அவள் செய்ததே இல்லை. கைகளை வைத்துப் பார்த்தாள். அதுவும் பொருந்தியது.

உடனே அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, இவளை வந்து கூட்டிட்டுப் போயிடு. இப்பவே."

"ஐயோ, என்னடி ஆச்சு?"

"இன்னும் ஒண்ணும் ஆகலை."

போனை வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் வெளிய வரட்டுமா?" என்று உள்ளிருந்து மகள் கேட்டாள்.

"வேண்டாம்மா. பெரியம்மா வர்ற வரைக்கும் தாழ்ப்பாளைப் போட்டுக்கோ. நான் கூப்பிட்டாலும் திறக்காதே."