ரசிகர்கள் சொன்னது

"ரசிகர்கள் எழுதினதா தினமும் படிச்சுக் காட்டுறீங்களே, அதெல்லாம் நீங்களா எழுதினதுதானேம்மா?"

முதலாளி அவளை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு இப்படிக் கேட்டார்.

வீடியோ கேம் தயாரிக்கும் சின்னக் கம்பெனி அது. ரசிகர்களுக்குப் பதில் எழுதுவதுதான் அவள் வேலை. புது கேமின் வெளியீடு இரண்டாம் தடவையும் தள்ளிப்போனதிலிருந்து, கம்பெனியின் இணையப் பக்கத்தைத் திறந்தாலே வசவு மழை. ஏமாற்றுக்காரர்கள், தூங்குமூஞ்சிகள் என்பதெல்லாம் அதில் மரியாதையான ரகம். காலையிலிருந்து அத்தனையையும் படித்து, ஒவ்வொருவருக்கும் மன்னிப்புக் கேட்டு, கேம் ஏன் தாமதமாகிறது என்று பொறுமையாக விளக்கிப் பதில் போடுவாள்.

டீ நேரத்தில் மட்டும் கதை வேறு. கேம் செய்கிறவர்கள் எல்லாரும் அவள் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். அவள் ஃபோனைப் பார்த்துப் படிப்பாள். முன்னோட்ட வீடியோவில் காட்டுக் காட்சியைப் பார்த்துச் சொக்கிப்போனதாக ஒருவர். இசையைக் கேட்டு அழுதுவிட்டதாக இன்னொருவர். அவசரமே இல்லை, நிதானமாகச் செய்யுங்கள் என்று மற்றொருவர்.

நேற்று முதலாளி அந்தப் பக்கத்தைத் தானே திறந்து பார்த்திருக்கிறார். தேடித் தேடிப் பார்த்தும் ஒரு நல்ல வார்த்தை அகப்படவில்லை.

அவள் மறைக்கவில்லை. புரோகிராமர் மனசு உடைந்து வேலையை விட்டே போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு ஆரம்பித்ததாகவும், பிறகு நிறுத்த மனசு வரவில்லை என்றும் சொன்னாள்.

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. வெளியே ஊரே காறித் துப்புகிறது, உள்ளே இவர்கள் பாராட்டு மழையில் நனைந்துகொண்டிருந்தால் வேலை எப்படி வேகமாக நடக்கும் என்று கேட்டார்.

"இன்னைக்கு டீ நேரத்துல நீங்களே உண்மையைச் சொல்லிடுங்க. உங்க வேலையைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

டீ வந்தது. எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். முதலாளி கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்.

அவள் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து நின்றாள். யார் முகத்தையும் பார்க்காமல் சொல்லி முடித்தாள்.

"இத்தனை நாளா நான் படிச்சது எதுவும் ரசிகர்கள் எழுதினது இல்லை. நானா எழுதினது. அவங்க நிஜமாவே ரொம்பத் திட்டுறாங்க. என்னை மன்னிச்சிடுங்க."

யாரும் திடுக்கிடவில்லை. இசையமைப்பாளர் மிச்ச டீயை நிதானமாகக் குடித்தார். படம் வரைகிற பெண் எழுந்து வந்து, நின்றுகொண்டிருந்தவளைத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"முதல் நாளே தெரியும்க்கா. எங்ககிட்டயும் ஃபோன் இருக்கே. அதுவும் போன வாரம் ஒரு ரசிகர், குதிரை ஓடுறது பிரமாதம்னு எழுதினாரே. நம்ம கேம்ல குதிரையே கிடையாதுக்கா."

இசையமைப்பாளருக்குப் புரையேறிவிட்டது. அறை முழுக்கச் சிரிப்பு. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

முதலாளியாலும் சிரிப்பைக் கட்டுப்படுத்த முடியவில்லை. கட்டியிருந்த கையைப் பிரித்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் வேலைக்கு ஒன்றும் ஆகாது என்பது அப்போதே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

ஆனாலும் அவருக்கு ஒன்று விளங்கவில்லை. "பொய்னு தெரிஞ்சும் எதுக்குய்யா தினமும் வந்து உக்காந்து கேட்டீங்க?"

வேலையை விட்டுப் போகிறேன் என்ற அதே புரோகிராமர்தான் பதில் சொன்னார்.

"நாங்க வாங்க வேண்டிய திட்டையெல்லாம் காலையிலேர்ந்து வாங்கிக்கிறது இவங்கதான் சார். எங்களுக்குப் படிச்சுக் காட்டுற அந்தக் கொஞ்ச நேரம்தான் இவங்க முகத்துல சிரிப்பே வருது."