கூடு காலியா?

ஏணியின் உச்சிப் படிக்கு வந்த பிறகும் கூட்டுக்குள் எட்டிப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

காலியாகத்தான் இருக்கும். போன வாரமே காக்கைக் குஞ்சுகள் இறக்கை முளைத்துக் கிளைக்குக் கிளை தத்திக்கொண்டிருந்தன.

சாலையை அகலப்படுத்தும் முன் சுற்றுச்சூழல் ஆய்வு செய்ய வந்தவள் அவள். தூசி, இரைச்சல், மழைநீர் வடிகால் எல்லாம் பார்த்தாயிற்று. மிச்சம் இந்த ஒரு மரம். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் மரத்தில் கை வைக்கக் கூடாது என்பது விதி. காலி என்று சொல்லிவிட்டால் மரம் விழும், சாலை விரியும், அவள் வேறு ஊருக்குப் போய்விடுவாள்.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இன்ஜினியரை அப்புறம் எந்தச் சாக்கில் பார்ப்பது?

ஒரு பொய் சொன்னால் போதும். ஆனால் ஆய்வில் பொய்யே சொல்லாதவள் என்று பெயர் வாங்கித் தொலைத்திருந்தாள்.

“என்ன மேடம், காக்கா கூட்டுல குடியேறிட்டீங்களா? மரம் வெட்டுற ஆளுங்க காலையிலேருந்து கையைக் கட்டிட்டு நிக்கிறாங்க!” என்று கத்தினார் கான்ட்ராக்டர்.

இன்ஜினியர் குனிந்த தலை நிமிராமல் ஏணியைப் பிடித்திருந்தார். மாடிப்படி ஏறினாலே தலைசுற்றும் மனுஷர். இன்று சட்டையெல்லாம் அழுக்கு, முழங்கையில் புதிதாக ஒரு பிளாஸ்திரி. எங்கே போய் விழுந்தாரோ! கேட்கத் துடித்தது, கேட்க அவள் யார்?

மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

அவள் ஏணியிலிருந்து விழாதது தெய்வாதீனம்.

“முட்டை இருக்கு.”

கான்ட்ராக்டர் தலையில் அடித்துக்கொண்டார். “அடக் கடவுளே! இன்னும் எவ்வளவு நாளும்மா ஆகும்?”

இன்ஜினியர் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். காதுவரை சிவந்திருந்தார்.

அவள் முட்டையை ஒற்றை விரலால் மெல்லத் திருப்பிப் பார்த்தாள்.

“மூணு வாரம். நானே மறுபடி வந்து பார்க்கணும்.”

அதிலும் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வெள்ளை வெளேரென்ற அந்தக் கோழி முட்டையின் மேல் கடையில் குத்தியிருந்த காலாவதி தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.