வளையம் வைத்த கத்தி

அச்சகத்து வாசலில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. "மடக்குக் கத்தியெல்லாம் உள்ள கொண்டுபோகக் கூடாதும்மா, முதலாளி புதுசா ரூல் போட்டிருக்காரு" என்று பைண்டிங் அக்காவிடமிருந்து கத்தியை வாங்கிய காவலாளி, ஆசை விடாமல் அதை விரித்துப் பார்க்கிறார். கொம்புப் பிடி, கழுத்தில் பித்தளை வளையம். திரும்ப மடக்கப் போனால் மடங்க மாட்டேன் என்கிறது. தொடையில் வைத்து அமுக்குகிறார், நெற்றியெல்லாம் வியர்வை. பின்னால் வரிசை நீள்கிறது. தெருமுனையில் முதலாளியின் கார் ஹாரன் கேட்கிறது. விரித்த கத்தியோடு வாசலில் நிற்பது இப்போது காவலாளிதான். அக்கா உள்ளங்கையை நீட்டுகிறாள். வாங்கிக் கட்டைவிரலால் வளையத்தைத் திருகியதும் அலகு 'டக்'கென்று மடங்கிக்கொள்கிறது. கத்தி மறுபடி அவள் இடுப்புப் பைக்குள் போகிறது. "வீட்ல இன்னும் முப்பத்தொண்ணு இருக்குண்ணே, தினம் ஒண்ணு கொண்டு வருவேன்" என்றபடி படியேறுகிறாள். "நாளைக்கு வர்றதைத் திறக்கவே உங்களால முடியாது."