வீடு திரும்பும் மிதவை

“முப்பத்தேழு நாளா ஒரே வட்டம் சார். ஒரு நாள்கூட வழி தப்பல.”

கணினித் திரையில் இருந்த ஆரஞ்சுப் புள்ளியை அவள் காட்டினாள். ஆய்வகத் தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

ஆறு கொண்டுவந்து தள்ளும் குப்பை கடலில் எங்கே போகிறது என்று அறிய, முகத்துவாரத்தில் நாற்பது மிதவைகளை விட்டிருந்தார்கள். பந்து அளவுதான். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, தான் இருக்கும் இடத்தைச் சொல்லும். சில பாறைகளில் ஒதுங்கின. சில ஒன்றுமே சொல்லாமல் ஓய்ந்துபோயின. மற்றவை பெரிய நீரோட்டத்தில் ஏறி, பிளாஸ்டிக் எல்லாம் போய்ச் சேரும் நடுக்கடலை நோக்கித் தூக்கத்தில் நடப்பவை போலப் போய்க்கொண்டிருந்தன.

இருபத்து மூன்றாம் எண் மட்டும் போகவில்லை. விடிகாலையில் புறப்படும். ஏழெட்டுக் கிலோமீட்டர் கடலுக்குள் போய் மெல்ல வளையும். மத்தியானம் ஒரு சின்ன வளைகுடாவுக்குத் திரும்பி, மறுநாள் வரை அங்கேயே கிடக்கும். ஆய்வகத்தில் அதற்கு ‘வீட்டுப் பூனை’ என்று பேர் வைத்தாயிற்று.

அவளுக்கு அந்த வட்டம் கனவிலும் வந்தது. நீலத்துக்குள் நீலமாக, யாரும் பார்த்திராத ஒரு சுழல். அதன் விளிம்பில் ஒரு பாட்டிலும், ஒற்றைச் செருப்பும், ஒரு பொம்மையின் கையும் அவசரமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அப்படி ஒரு சுழல் இருப்பது உண்மையானால், குப்பையை நடுக்கடலுக்குப் போகவிடாமல் அங்கேயே அள்ளிவிடலாம். நாளைக் காலை நிபுணர் குழு முன்னால் அவள் அதைத்தான் சொல்லப்போகிறாள். அவர்கள் ஒப்புக்கொண்டால், இந்த மாதத்தோடு முடிகிற அவளுடைய வேலையும் நிலைக்கும்.

கடல் கடிகாரம் பார்த்து நடப்பதில்லையே என்றார் தலைவர். அலையேற்றம்கூடத் தினம் ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். இது எப்படி நாள் தவறாமல் நாலு மணிக்குக் கிளம்புகிறது?

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. விடிகாலையில் தரைக்காற்று வெளியே தள்ளுகிறது, மத்தியானம் கடல்காற்று திரும்பக் கூட்டிவருகிறது என்றாள். அவர் தலையாட்டிக்கொண்டே பழைய வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏழாம் நாள் வட்டம் இல்லை. பதினாலாம் நாளும் இல்லை. இருபத்தொன்றிலும் புள்ளி வளைகுடாவிலேயே கிடந்தது.

“ஏம்மா, காத்துக்கும் வாரத்துல ஒரு நாள் லீவா?”

அவள் வாயைத் திறப்பதற்குள் நல்லவேளையாகத் தொலைபேசி அடித்தது. மணி பத்து. ஒரு மாதமாக இதே நேரத்துக்கு வரும் அழைப்பு. ஒரு பெண்குரல், ஆள் இருக்கிறீர்களா என்று கேட்கும். இருக்கிறோம் என்றால் வைத்துவிடும். எந்த ஆபீஸ் என்று நினைத்துக் கூப்பிடுகிறார்களோ. இது அது இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டே இத்தனை நாளை ஓட்டிவிட்டாள்.

“ஆள் இருக்கீங்களா?”

“இருக்கோம்.”

“சரி.”

தலைவர் சிரித்துக்கொண்டே எழுந்து போனார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

பேருந்தில் இரண்டு மணி நேரம். வளைகுடாவில் தண்ணீர் தூங்கிக்கொண்டிருந்தது. மணலில் ஏழெட்டுப் படகுகள் சாய்ந்து கிடந்தன. கைப்பேசியில் புள்ளியைப் பார்த்துக்கொண்டே நடந்தவள், நாலாவது படகின் முன்பலகையைத் தூக்கினாள். பழைய துண்டில் சுற்றி, குழந்தையைக் கிடத்தியதுபோல், ஆரஞ்சு நிறத்தில் இருபத்து மூன்றாம் எண் இருந்தது.

அவளுடைய சுழல் வாரத்துக்கு ஆறு நாள் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

மிதவையில் ஒட்டியிருந்த வாசகம் உப்பு பட்டும் அழியவில்லை. யாரும் தூக்கிப்போய்விடக் கூடாதென்று அவளே யோசித்து எழுதியது. ‘ஆய்வுக் கருவி. திறக்க வேண்டாம். இரவும் பகலும் கண்காணிப்பில் உள்ளது.’ கீழே ஆய்வகத்தின் தொலைபேசி எண்.

“அதை எடுக்காதம்மா.”

கொஞ்சம் தள்ளி வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்தாள். நாற்பது வயதிருக்கும். ஊசி இன்னும் கையில் இருந்தது.

ஆய்வகத்திலிருந்து வந்தவள் வாழ்க்கையில் முதல்முறையாக, முன்பின் தெரியாத ஒருவரிடம் கோபப்பட்டாள். இது கடல் எங்கே இழுக்கிறதோ அங்கே போகவேண்டிய பொருள் என்றாள். இதை நம்பி முப்பத்தேழு நாள் கண் எரிய உட்கார்ந்திருந்ததையும், நாளைக்கு ஒரு அறை நிறையப் பேர் தன்னைப் பார்த்துச் சிரிக்கப்போவதையும், வேலை போகப்போவதையும் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது.

“யாருக்கா இதை இங்க வச்சது?”

அந்தப் பெண் தலையைச் சாய்த்து, அவள் முகத்தைவிட அவள் குரலையே கவனிப்பவள்போல நின்றாள்.

“நீதானா அந்த ‘இருக்கோம்’?”

அவள் மிதவையிலிருந்து கையை எடுத்தாள்.

“என் வீட்டுக்காரர் கடலுக்குப் போய்த் திரும்பி வராதப்ப, எந்தப் பக்கம் போய்த் தேடுறதுன்னுகூட யாருக்கும் சொல்லத் தெரியலம்மா. இப்ப இந்தப் படகுல என் தம்பி தனியாப் போறான். கரையில ஒதுங்குன இதை எடுத்து, அவனுக்குத் தெரியாம நாந்தான் வச்சேன்... இரவும் பகலும் நீங்க பாத்துக்கிட்டு இருக்கீங்கன்னு இதுல எழுதியிருந்துச்சே.”